கௌசல்யா வீட்டு வாசலில் கிடந்த ஷூ

நாகல் நகரில் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் கடைசிக்கு முந்தின வீடு கௌசல்யாவுடையது. மூன்று வருஷமாக அந்த வீட்டு வாசலில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது. அதைப் போட்டு நடந்த குருசாமி செத்தும் மூன்று வருஷம்தான் ஆகிறது.

செருப்பை அங்கேயே போட்டு வைக்கச் சொன்னது எதிர்வீட்டுப் பொன்னழகு. காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தபந்தம் பஸ் ஏறிப் போன அன்றைக்குக் கௌசல்யா புருஷனுடைய செருப்பை எடுத்து ஒரு பைக்குள் போடப் போனாள். பொன்னழகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுக்காத கௌசி. ஒத்தப் பொம்பள இருக்குற வீடு. கேஸ் கொண்டாரவன், கேபிள்காரன்னு ஆயிரம் பேரு வருவான் போவான். வாசல்ல ஒரு ஆம்பளச் செருப்பு கெடந்தா உள்ள ஆளு இருக்குன்னு நெனைப்பான்ல."

சரியான யோசனைதான். தனியாக இருக்கிற பெண்கள் பல பேர் செய்கிற காரியம்தான். நாய் வளர்த்தால் அதற்குச் சோறு போட வேண்டும், செருப்புக்கு என்ன போட வேண்டியிருக்கிறது? ஆனால் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கிடந்தால் எந்த முட்டாளும் கண்டுபிடித்துவிடுவான். அதனால் கௌசல்யா தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அந்தச் செருப்பைத் தூசி தட்டி, ஒரு நாள் சுவரைப் பார்க்க, ஒரு நாள் கதவைப் பார்க்க, ஒரு நாள் அவசரமாகக் கழற்றி எறிந்த மாதிரி கோணல்மாணலாகப் போட்டு வைப்பாள். கதவைப் பார்க்கப் போட்ட நாட்களில், உள்ளே யாரோ இப்போதுதான் போயிருக்கிறார்கள் என்று அவளுக்கே ஒரு நொடி தோன்றும். கதவைத் திறந்தால் இருட்டுத்தான் இருக்கும்.

கௌசல்யாவுக்கு வேலை டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பினால் சின்னாளபட்டி, செம்பட்டி, ஆத்தூர், சித்தையன்கோட்டை என்று ஒரு சுற்று. எடுத்ததையெல்லாம் ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் லேப்பில் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே வேலை. வீடு திரும்ப நன்றாக இருட்டிவிடும்.

சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். அதனால் அவள் நுழைகிற வீடுகளில் அந்நேரம் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள். கையை நீட்டுவார்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அவள் ஊசியை உருவினதும் "முடிஞ்சிருச்சா?" என்பார்கள். அவள் பஞ்சை வைத்து, பெட்டியை மூடி, வாசலில் செருப்பை மாட்டுவதற்குள் உள்ளே காப்பி வாசம் கிளம்பிவிடும். இத்தனை வீட்டுக்குள் போய் வருகிறவளுக்கு ஒரு வீட்டிலும் ஒரு வாய் காப்பி கிடையாது. கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்தான். கேட்டு வாங்கிக் குடிக்கிற காப்பி தொண்டையில் இறங்குமா? செம்பட்டியில் ஒரு டீக்கடையில் வண்டியிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

வண்டி குருசாமியுடையது. கறுப்பு ஸ்ப்ளெண்டர், கியர் வண்டி. அவர் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னால் உட்கார்ந்து, "கிளட்ச்ச விடு, மெதுவா விடுடி" என்று கத்திக் கத்தி ஓட்டப் பழக்கியிருந்தார். அவர் போன பிறகு, இதைக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கு என்று சொல்லாத ஆளில்லை. கௌசல்யா காதிலேயே வாங்கவில்லை. சுடிதாருக்கு மேல் ஒரு கோட்டு, தலையில் ஹெல்மெட், காலில் ரப்பர் செருப்பு. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

மகன் ஒருவன் உண்டு. விக்னேஷ்குமார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்ட பிள்ளை இல்லை. தினமும் ராத்திரி அம்மா போன் போட்டால் எடுப்பான். "சாப்டியாப்பா?" "சாப்ட்டேன்." "என்ன வெஞ்சனம்?" "ஏதோ பொரியல்." "அங்க மழையா?" "இல்ல." அதற்கு மேல் "அப்புறம்மா" என்பான். அந்த 'அப்புறம்' வந்துவிட்டால் போனை வைக்கச் சொல்கிறான் என்று அர்த்தம். பொங்கலுக்கு வந்தவன், கம்பெனியே மூடிக் கிடக்கிற தீபாவளிக்கும் வரவில்லை. கூட்டாளிகளோடு வால்பாறைக்குப் போய்விட்டான்.

கௌசல்யாவுக்கு வேறு ஆசையே கிடையாது. மகன் வர வேண்டும். அவள் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட வேண்டும். ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி அந்த வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். பக்கத்து அறையில் இன்னொரு மூச்சுச் சத்தம் கேட்டால் தனக்கும் தூக்கம் வரும் என்று நம்பினாள்.

தீபாவளி கழிந்த வாரம் நல்ல மழை. செம்பட்டி தாண்டி ஒரு வளைவில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைக்கக் குதிகாலால் பின்பக்கக் கியரை மிதித்தாள். நனைந்த ரப்பர் செருப்பு வழுக்கிவிட்டது. அதன் பின்பாதி மடங்கிக் கியருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வண்டி நிற்கிற நேரத்தில் இடது காலைத் தரையில் ஊன்ற வேண்டும். கால் வரவில்லை. அப்படியே வண்டியோடு இடப்பக்கம் சாய்ந்துவிட்டாள்.

தேங்காய் ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் இறங்கித் தூக்கிவிட்டார்கள். பெருவிரல் நகம் பெயர்ந்திருந்தது. கணுக்கால் பன் மாதிரி வீங்கிக்கொண்டு வந்தது. லேப்புக்குப் போன் போட்டாள். "சாம்பிள் ஒண்ணும் ஒடையலையேம்மா?" என்பதுதான் முதல் கேள்வி. உடையவில்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

மகனுக்கும் போட்டாள்.

"பாத்துப் போகக் கூடாதாம்மா? எலும்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா, வீக்கந்தான். நீ ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

"இந்த வாரம் ஷிப்மெண்ட்டும்மா. அடுத்த ஞாயித்துக்கெழம கட்டாயம் வாரேன்."

அவன் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து மாவாட்டி வைத்தாள். சாயங்காலம் போன் வந்தது. முடியலம்மா, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். மாவு புளித்து, அதைத் தோசையாக ஊற்றி மூன்று நாள் அவள் ஒருத்தியே தின்று தீர்த்தாள்.

கட்டுப் போட்ட நர்ஸ், "இந்தச் செருப்பப் போட்டுக்கிட்டா கியர் வண்டி ஓட்டுனீங்க?" என்று திட்டியிருந்தாள். அதனால் வீக்கம் வடிந்ததும் வேறு செருப்பு தேடினாள். அந்தத் தேடல் மாப்பிள்ளை தேடுகிற கதையாகிவிட்டது. பின்னால் வார் வைத்த செருப்பு காலை விட்டுக் கழலாது, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து கழற்றி, திரும்பக் குனிந்து மாட்ட வேண்டும். சித்தையன்கோட்டையில் ஒரு அம்மாள், "ஏத்தா, ஊசி குத்துற நேரத்த விட நீ வாரு மாட்டுற நேரம் அதிகமா இருக்கே" என்று சிரித்தது. கயிறு கட்டுகிற கேன்வாஸ் ஷூ வாங்கிப் பார்த்தாள். இரண்டாம் நாளே அவிழ்ந்த கயிறு போய்க் கியரில் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, வண்டி அப்போது வீட்டு வாசலில்தான் நின்றது.

பேகம்பூரில் ரிஃபாத்தின் செருப்புக் கடைக்குப் போனது அதற்கப்புறம். ரிஃபாத்துக்கு முப்பது வயது இருக்கலாம். "லேடீஸ் இந்தப் பக்கம்க்கா" என்று காட்டினான். அங்கே கல் வைத்தது, பூ வைத்தது, ஒரு சாண் குதிகால் வைத்தது என்று வரிசையாக இருந்தன. பெண்களுக்குச் செருப்பு செய்கிற மகராசன்கள், பெண்கள் நடப்பார்கள் என்றே நம்புவதில்லை போலிருக்கிறது. அப்புறம் எங்கே வண்டி ஓட்டுவதை நம்பப்போகிறார்கள்.

"வண்டி ஓட்டையில போடணும் தம்பி."

"ஸ்கூட்டியாக்கா?"

"கியர் வண்டி."

ரிஃபாத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எப்படி விழுந்தாள், எந்தக் கால், செருப்பு எங்கே சிக்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவனும் தினமும் நத்தத்திலிருந்து பைக்கில் வருகிறவன்தான். "சோல் ரொம்பத் தடிமனா இருந்தா கியரு இருக்கா இல்லையான்னே காலுக்குத் தெரியாதுக்கா. ரொம்ப வழவழன்னும் இருக்கக் கூடாது. கணுக்கால் மூடியிருக்கணும். உங்களுக்குக் கயிறும் ஆகாது, பக்கிளும் ஆகாது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு உள்ளே போனான். வரும்போது கையில் ஒரு கறுப்பு ஷூ. கணுக்காலுக்கு மேல் வரைக்கும் வருவது, இரண்டு பக்கமும் எலாஸ்டிக். பின்னால் ஒரு பட்டி. பட்டியைப் பிடித்து இழுத்தால் காலில் ஏறிக்கொள்ளும், இன்னொரு காலால் மிதித்தால் கழன்றுகொள்ளும்.

"ஜென்ஸுதாங்க்கா. பரவால்லையா?"

"காலுக்குத் தெரியவா போகுது?"

ரிஃபாத் குனிந்து ஷூவின் நுனியை விரலால் அமுக்கிப் பார்த்தான். "வெரல் இடிக்குதாக்கா? நகம் போன எடம் வலிக்குதா?"

கௌசல்யாவுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. ஊரார் கையிலெல்லாம் ஊசியைக் குத்தி 'வலிக்குதா' என்று கேட்கிறவள் அவள். அவளிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டு எத்தனை காலம்! "இல்ல தம்பி, இடிக்கல" என்றாள். வெளியில் நின்ற தன் பைக்கை ரிஃபாத் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி உட்கார்ந்து முன்காலால் ஒரு கியர், குதிகாலால் ஒரு கியர் என்று போட்டுப் பார்த்தாள். இரண்டும் டக் டக்கென்று விழுந்தன. ஏழாம் நம்பர் எடுத்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் புது ஷூவை வாசலில் கழற்றிப் போட்டவள், பக்கத்தில் கிடந்த குருசாமி செருப்பைப் பார்த்தாள். மூன்று வருஷ வெயிலில் வெளுத்து, வார் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஆம்பளைச் செருப்பு ஒன்று வாசலில் கிடக்க வேண்டும், அவ்வளவுதானே? இதோ, இன்னும் எடுப்பாக ஒன்று கிடக்கிறதே. பழசைக் கழுவித் துடைத்துப் பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். இனி தினமும் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம் என்றும் ஒரு நினைப்பு.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் தெரு எப்படிப் பார்த்தது? செத்தவன் செருப்பைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று புது ஆம்பளை ஷூ. அதுவும் எந்நேரமும் இல்லை. பகலெல்லாம் வாசல் சும்மா கிடக்கிறது. ராத்திரி ஆனால் ஷூ வந்துவிடுகிறது. விடிந்து கோலம் போட வருவதற்குள் போய்விடுகிறது. கௌசல்யா வீடு திரும்புகிற நேரத்தில் சந்து முழுக்க டி.வி. சீரியல் முன்னால் உட்கார்ந்திருக்கும். கிளம்புகிற நேரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஷூவுக்குள் கால் நுழைவதையும் வெளியே வருவதையும் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கலாமே என்றால், அன்றைக்கு விடிந்ததும் அதைத் துடைத்து மொட்டை மாடியில் காற்றாட வைத்துவிடுவாள்.

வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்தால் விடுவாளா? பொன்னழகு மென்றாள். குழாயடியில் ஒரு வாய், பூக்காரியிடம் ஒரு வாய். கௌசல்யாவிடம் நேரே கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காதே.

குழாயடியில் தான் போனதும் பேச்சு நின்றுபோவதைக் கௌசல்யா கவனித்தாள். மேலெல்லாம் ஸ்பிரிட் வாடை அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, அன்றிலிருந்து குளித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

பொன்னழகிடம் விக்னேஷ்குமாருடைய நம்பர் இருந்தது. 'எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவனுக்குச் சொல்லுங்கக்கா' என்று கௌசல்யாவே எழுதிக் கொடுத்த நம்பர்தான் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இன்னும் சரியாக வெளுக்கவில்லை. கதவை யாரோ தட்டினார்கள்.

"யாரு?"

"நாந்தாம்மா."

கௌசல்யாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்விட்சைத் தேடி, தலைமுடியை அள்ளிச் செருக கிளிப்பைத் தேடி, சாவியைத் தேடி, கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

"வா சாமி. ராத்திரியெல்லாம் பஸ்ஸுலயா வந்த? ஒரு போன் போடக் கூடாதா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தான். விறுவிறுவென்று உள்ளே போனான். பின்கதவு தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான். பாத்ரூமைத் திறந்தான். பாவம், வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தாள் கௌசல்யா. திரும்பி வந்தவன் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

"என்னப்பா தேடுற?"

"சார்ஜரு."

எத்தனையோ நாளைக்கப்புறம் இரண்டு டம்ளர் காப்பி போட்டாள். அவன் காலாட்டிக்கொண்டே குடித்தான். "செத்த நேரம் படு. கறி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று பையை எடுத்தாள். "அதெல்லாம் வேணாம்மா." "நீ சும்மா இரு." பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். கறிக்கடையில் யாரும் கேட்காமலே, "மகன் வந்திருக்கான், நல்ல எலும்பாப் போடுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஆளிடமும், "திருப்பூர்ல இருக்கான்" என்றாள்.

திரும்பி வந்தபோது விக்னேஷ்குமார் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒற்றை ஷூ. அதைக் கவிழ்த்து, உள்ளே விரலை விட்டு நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் பொன்னழகு, ஏற்கெனவே பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்பா செருப்பு எங்கம்மா?"

கௌசல்யாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்பாவை நினைத்திருக்கிறானே. "கட்டிலுக்கு அடியில பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன்பா. வெயில்ல காஞ்சு வாரு விட்டுப்போச்சு."

"அத உள்ள வச்சுட்டு இத வெளிய போட்டியாக்கும். இது யாருது?"

"என்னோடது."

"அம்மா, இது ஆம்பள ஷூ. என்னை என்ன கிறுக்கன்னா நெனச்ச?"

"ஆமாப்பா, ஜென்ஸ் ஷூதான். பொம்பளைகளுக்கு இந்த மாதிரி..."

"ராத்திரி வருதாம். விடியுமுன்ன போயிருதாம். தெருவே சிரிக்குதும்மா. அம்புட்டுப் பேருக்கும் தெரியுது. எதுத்த வீட்டுப் பெரியம்மா போன் பண்ணிச் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

எதிரில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

அப்போதுதான் கௌசல்யாவுக்கு எல்லாம் விளங்கியது. பின்கதவு, பாத்ரூம், கட்டிலுக்கு அடி. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. அதை விழுங்கிக்கொண்டு கறிப்பையைக் கீழே வைத்தாள். மகன் கையிலிருந்த ஷூவை வாங்கினாள். அவன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, பட்டியைப் பிடித்து இழுத்து ஒரு காலில் ஏற்றினாள். அப்புறம் இன்னொரு காலில். எழுந்து போய் வண்டியில் ஏறி உதைத்தாள். ஸ்டார்ட் ஆனது. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு, முன்காலால் ஒரு கியர், குதிகாலால் ஒரு கியர் போட்டுக் காட்டினாள். அந்தச் சந்துக்கே கேட்டது. பொன்னழகு விளக்குமாற்றோடு உள்ளே போய்விட்டாள்.

கௌசல்யா வண்டியை அணைத்தாள்.

"செருப்பு சிக்கித்தானப்பா அன்னைக்கு விழுந்தேன். அதுக்குத்தான் இதை வாங்குனேன். நான் விழுந்து கெடக்கையில கூப்பிட்டப்ப வராத பஸ்ஸு, இதுக்கு வந்துருச்சா?"

விக்னேஷ்குமார் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "எனக்குத் தெரியாதும்மா. பெரியம்மா அப்படிச் சொல்லவும் என்னமோ ஆயிப்போச்சு."

"என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. போன்லயே கேட்டிருக்கலாம்ல."

சொன்ன மறு நொடியே அவளுக்குத் திக்கென்றது. போனிலேயே கேட்டிருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பாள். இவன் வந்திருக்கவே மாட்டான். கேட்காததுதான் நல்லது என்று மனசு சொன்னது. இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் கறிக்குழம்பு வைத்தாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டான். அவள் எதிரில் உட்கார்ந்து அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்திரி இருந்துட்டுக் காலையில போயேன்" என்றாள். நாளைக்கு ஷிப்ட் என்றான்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவளே கொண்டுபோய் விட்டாள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது அவள் தோளைப் பிடித்தான். அப்புறம் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. வேண்டுமென்றே சுற்றி இன்னொரு தெரு வழியாகப் போனாள்.

"நல்லாத்தாம்மா ஓட்டுற" என்றான் இறங்கும்போது. திருப்பூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறப்போனவன் திரும்பி வந்தான். "அப்பா செருப்பையே மறுபடி எடுத்து வாசல்ல போட்ரும்மா. ஊரு வாயி சும்மா இருக்காது."

"சரிப்பா. இனி எப்ப வருவ?"

"லீவு பாத்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் பொன்னழகு படியோரம் வந்து நின்றாள். "தம்பி போயிருச்சா? கௌசி, நான் தப்பா ஒண்ணும் நெனச்சுச் சொல்லல. உன் நல்லதுக்குத்தான்..."

"விடுங்கக்கா. நீங்க போன் போட்டதுனாலதான் அவன் வந்தான்."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்துப் பொன்னழகு முகம் சுண்டிப் போய்விட்டாள். கௌசல்யா மனசாரத்தான் சொன்னாள்.

குருசாமி செருப்பை அவள் வெளியே எடுக்கவில்லை. கறுப்பு ஷூ வாசலிலேயே கிடந்தது. ஆனால் இப்போது அது யாருடையது என்று சந்துக்கே தெரியும், அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரிப் போனில் மறுபடி, "சாப்டியாப்பா?" "சாப்ட்டேன்." "லீவு பாத்தியா?" "பாக்குறேன்மா. அப்புறம்..." கார்த்திகை போய் மார்கழி வந்தது. பொங்கலுக்கு வருவாயா என்று கேட்டாள். கூட்டாளிகள் எல்லாம் மூணார் போகலாம் என்கிறார்கள், பார்க்கலாம் என்றான்.

மறுநாள் வேலை முடிந்ததும் வண்டியை நேரே பேகம்பூருக்கு விட்டாள்.

"வாங்கக்கா. ஷூ எப்படி இருக்கு?" என்றான் ரிஃபாத்.

"நல்லா இருக்கு தம்பி. கியருக்கு வாகா இருக்கு. இன்னொரு ஜோடி வேணும்."

"அதுக்குள்ளயா?"

"இது ஒம்பதாம் நம்பரு. காப்பிக் கலர்ல இருக்கா? எதுத்த வீட்டுல இருந்து பாத்தாலும் வேற ஷூன்னு பளிச்சுனு தெரியணும்."

"யாருக்குக்கா?"

"வாசலுக்கு."

ரிஃபாத் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "ஆளக் கூட்டிட்டு வந்தா போட்டுப் பாத்தே எடுக்கலாமேக்கா. பத்தாமப் போச்சுன்னா?"

"பத்தும். மகன் அன்னைக்கு வந்தப்ப வாசல்ல கழட்டிப் போட்டிருந்தான். நம்பர் பாத்தேன்."

"அப்ப மகனுக்கா? மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"வந்தா அவனுக்கு" என்றாள் கௌசல்யா. "வர்ற வரைக்கும் வாசல்ல கெடக்கட்டும்."

பெட்டி வேண்டாம் என்று சொல்லி, ஷூவை மட்டும் ஐஸ் பெட்டிக்கு மேல் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தன் ஷூவைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். புதுசை வாசலில், கதவைப் பார்க்க, இப்போதுதான் யாரோ உள்ளே போன மாதிரி போட்டாள். இரண்டையும் ஒழுங்காக வைத்தது பிடிக்காமல் ஒன்றைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டாள். பிறகு நிமிர்ந்து, எதிர்வீட்டு ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.